குடிமதிப்பு

மே முதல் வாரம். சாலையோரப் பள்ளங்களில்
அழுக்குப் பனி இன்னும் கிடக்கிறது.
கழுத்து அட்டையில் என் பெயர்: மார்லிஸ் ஓல்ஸ்டாட்.
போன வருடம்வரை பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
மூன்று பிள்ளைகள். இரட்டையர்
போஸ்மனுக்குக் குடிபெயர்ந்ததும் ஒன்று.
ஒன்றுக்குப் பேருந்து எதற்கு என்றார்கள்.
இப்போது அரசாங்கத்துக்குத் தலை எண்ணுகிறேன்.
மணிக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு.
மொன்டானாவின் இந்த மூலையில்
தலையைவிட மைல்தான் அதிகம்,
எனக்கொன்றும் நஷ்டமில்லை.

முதல் வீடு வர நாற்பது நிமிடம்.
மேற்கே மலை,
கிழித்த காகிதத்தின் ஓரம் போல.
மற்ற மூன்று திசைக்கும் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததை அறுத்துக்கொண்டு
நூற்றுப்பத்துப் பெட்டிக் கோதுமை
பசிபிக் பக்கம் போகிறது.
இங்கே கார்க் கதவைத் திறக்கவும் ஒரு படிப்பு வேண்டும்:
காற்று எந்தப் பக்கம் என்று பார்,
பிறகு கைப்பிடியைத் தொடு.

ஆர்லோ க்விஸ்ட், எழுபத்தொன்று.
வீட்டில் எத்தனை பேர்?
"ஒன்று. ஜனவரியில் இரண்டு."
கணக்கு நாள் ஏப்ரல் முதல் தேதி.
ஒன்று என்று எழுதினேன்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
பயிரைப் பற்றிப் பேசினார்.
நாலாயிரம் ஏக்கர், பாதி கோதுமை, பாதி பருப்பு.
"பருப்பு இந்தியாவுக்குப் போகிறதாம்.
அங்கே ராத்திரி ஒருத்தன் வரியை ஏற்றினால்
காலையில் என் களஞ்சியம் நிரம்பி வழிகிறது.
நானும் வேகவைத்துப் பார்த்தேன், சேறு.
எதையோ போட்டுச் சமைக்கிறார்கள்,
என்னவென்று எவனும் சொல்லவில்லை."

வயலுக்கு நடுவே முள்வேலி, ஓர் ஏக்கர்.
அடியில் ஏவுகணை.
"அப்பா காலத்தில் வந்து படுத்தது.
சத்தம் கிடையாது, கடன் கேட்டதில்லை,
இந்தப் பக்கத்தில் இப்படியொரு அண்டைவீட்டான்
கிடைப்பது கஷ்டம். எழுதிக்கொள்ளேன்."
உயரம் அறுபதடி, வயது ஐம்பதுக்கு மேல்,
வேலை: காத்திருத்தல்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

ஹட்டரைட் குடியிருப்பில்
கணக்கர் ஜேக்கப் வுர்ஸ் தாளோடு நின்றார்.
நூற்று நான்கு. பிசிறில்லை.
ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே பணப்பெட்டி.
குடும்பம் எத்தனை என்றால்தான் யோசிக்கிறார்.
நேற்று பிறந்த பெண் குழந்தை ஒன்று,
ஏப்ரலில் இல்லாதது, எனவே இல்லை.
"பத்து வருஷம் கழித்து வா, அவளே பதில் சொல்வாள்"
என்று ஒரு தட்டு முட்டை கொடுத்தார்.
விதிப்படி வாங்கக் கூடாது. வாங்கினேன்.

ஆற்றைத் தாண்டினால் பிளாக்ஃபீட் நிலம்.
வெர்னா பாதிக் கதவைத்தான் திறந்தாள்.
"முன்பும் ஒருத்தன் எண்ண வந்தான்.
எண்ணி முடித்ததும்
உங்களுக்கு இவ்வளவு போதும், மிச்சம் உபரி என்றான்.
நீ நின்றிருந்த கோதுமை வயல்
அந்த உபரிதான்."
என்ன சொல்வது? பேனாவை மூடினேன்.
அவளே கேட்டாள்: "குறைத்துச் சொன்னால்
மருத்துவமனைப் பணமும் குறையுமா?"
குறையும் என்றேன்.
"அப்படியானால் எழுது. ஒன்பது."
ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள்,
நான் எழுதியதைத் திருப்பி வாங்கிப் படித்தாள்.

திரும்பும்போது இருட்டு.
இருநூற்றுப் பன்னிரண்டு மைல்,
நூற்றுப் பதினான்கு தலை.
முட்டைகள் பின்சீட்டில் பத்திரம்.
பதினேழாவது கிளைச்சாலை முக்கில்
தபால் பெட்டியருகே கைவிளக்கு ஆடியது.
பிரின்லி. என் பேருந்தின் கடைசிப் பிள்ளை.
"என்னை எண்ணியாச்சா?"
உன் அம்மா இணையத்திலேயே நிரப்பிவிட்டாள்.
"அது அவங்க எண்ணினது."

காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.
இறங்கினேன்.
பேருந்துப் படியில் தினமும் செய்ததுபோல
விரலை நீட்டி,
யாருமற்ற அத்தனை தூரத்துக்கும் கேட்கும்படி
உரக்கச் சொன்னேன்:
ஒன்று.